படபடப்பு வரும்போதே இசிஜி எடுங்கள்

இளவயதினர் ஒருவர் திடீரென்று சரிந்து இறந்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் கூடுகிறது. கொழுப்பு, எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்து, ‘அடைப்பு எதுவும் இல்லை’ என்று டாக்டர் சொன்னதும் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். இதயத்தின் துடிப்பை நடத்துவது மின்னோட்டம் என்பதும், அந்த மின்னோட்டத்தில் கோளாறு வந்தால் இந்தப் பரிசோதனைகளில் அது தெரியாமல் போகலாம் என்பதும் நம் பேச்சில் வருவதே இல்லை. அப்படிப்பட்ட கோளாறுகளில் பல, தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடியோடு குணமாக்கக்கூடியவை. அப்படியிருந்தும் ‘டென்ஷன்’, ‘கேஸ்’, ‘ரத்த சோகை’ என்ற பெயர்களில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இவர்கள் சொல்லும் விவரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குனிந்து கோலம் போட்டு நிமிரும்போதோ, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதோ, எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கும். மெல்ல மெல்ல ஏறாது; ஒரே துடிப்பில் தொடங்கும். கழுத்து வெளியே தெரியும்படி துடிக்கும். கண் இருட்டும், வியர்க்கும். சிலருக்கு ஐந்து நிமிடம், சிலருக்கு இரண்டு மணி நேரம். தொடங்கியது போலவே ஒரே துடிப்பில் நின்றும்விடும். நின்ற பிறகு நிறைய சிறுநீர் போகும். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றிருக்கும். அங்கே எடுக்கும் இசிஜி பெரும்பாலும் அப்பழுக்கின்றி இருக்கும். “ஒண்ணுமில்லம்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது முறை இதே பதிலைக் கேட்ட பிறகு, வீட்டில் இருப்பவர்களும் அதையே சொல்லத் தொடங்குவார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். இந்தக் கோளாறு உறுதியான 107 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து அமெரிக்காவில் 1997-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் பரிசோதனையில் நோய் கண்டறியப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள், ‘பீதி நோய்’ என்று மனநல மருத்துவம் வகுத்திருக்கும் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தின. மனப் பிரச்சினை என்று முத்திரை குத்தப்பட்டது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இந்த வகைக் கோளாறுகளில் மிகப் பரவலான ஒன்று பெண்களிடம்தான் ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை பெண்களின் புகார் காதில் விழாமலேயே போயிருக்கும் என்ற கவலை வருகிறது.

நடப்பது என்ன?

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணுவில்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டல் பிறக்கிறது. மேலறைகளில் பரவும் அந்தத் தூண்டல், நடுவில் இருக்கும் ஏவி கணுவில் ஒரு கணம் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகளையும் கீழறைகளையும் பிரிக்கும் நார்த்திசு வளையம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கீழே இறங்க ஏவி கணு ஒன்றுதான் வழி.

வயல் வரப்பில் ஒரே ஒரு மடைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலி ஒன்று வரப்பைக் குடைந்து இன்னொரு வழியைத் திறந்துவிட்டால், நாம் அடைத்துத் திறக்கும் மடையின் கட்டுப்பாட்டுக்குள் தண்ணீர் நிற்காது. சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் அப்படியொரு வளை இருக்கிறது. மின்சாரத்துக்கு மேடு பள்ளம் கிடையாது. மடை வழியாக இறங்கி, வளை வழியாக மேலேறி, மீண்டும் மடைக்கே வந்து சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு முறை துடிக்கும். அப்போது நாடி 150, 200, சில நேரம் அதற்கும் மேல்.

இன்னும் பலருக்கு ஏவி கணுவையொட்டியே வேகமான பாதை, மெதுவான பாதை என இரண்டு இருக்கும். மின்தூண்டல் அந்த இரண்டுக்கும் இடையே வட்டமடிக்கும். மேலே சொன்ன, பெண்களிடம் அதிகம் காணப்படும் கோளாறு இதுதான். இவற்றையெல்லாம் சேர்த்து மருத்துவர்கள் எஸ்விடி என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

கூடுதல் பாதை உள்ள இதயத்தின் இசிஜி, வால்ஃப், பார்க்கின்சன், ஒயிட் ஆகிய மூவர் 1930-ல் எழுதிய கட்டுரையால் உலகறிந்தது. அவர்கள் பெயரில்தான் அந்த நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. நோய் தெரிந்தும் 38 ஆண்டுகள் அதை வேரோடு அகற்ற வழியில்லை. 1968-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற அறுவை மருத்துவர், வட கரோலினா கடலோரத்து மீனவர் ஒருவரின் நெஞ்சைத் திறந்து, அந்தக் கூடுதல் பாதையைக் கத்தியால் வெட்டித் துண்டித்தார். அந்த மீனவருக்கு 32 வயது. படபடப்பு நின்றது. ஆனால் எல்லோருக்கும் நெஞ்சைத் திறக்க முடியாதே.

1982-ல் சான்பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் குழுவினர் ரத்தக்குழாய் வழியே கம்பியை அனுப்பி, மின்னதிர்ச்சியால் ஏவி கணுப் பாதையைத் துண்டித்துக் காட்டினார்கள். அது முரட்டு முறை. அதன் பிறகு அந்த நோயாளிகளுக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. சில ஆண்டுகளில் மின்னதிர்ச்சியின் இடத்தை ரேடியோ அதிர்வலை பிடித்தது. 1991-ல் ஓக்லஹோமாவின் ஜாக்மன் குழுவினர் 166 பேருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து, 164 பேருக்குக் கூடுதல் பாதையை அழித்துவிட்டதாக அறிவித்தார்கள். நெஞ்சைத் திறக்கும் அறுவை அதோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. இன்று நம் ஊரில் ‘ஆர்எஃப்ஏ’ என்றும் ‘அப்லேஷன்’ என்றும் சொல்லப்படுவது இதன் வழிவந்ததுதான்.

கேத் லேபுக்குள்ளே

ஆஞ்சியோ செய்யும் அதே வகை அறைதான். நோயாளி ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் இருப்பார். படபடப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தியிருப்பார்கள். பெரும்பாலான எஸ்விடி நோயாளிகளுக்கு முழு மயக்கம் தேவையில்லை. இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி மட்டும். அங்குள்ள சிரை வழியாக மூன்று நான்கு மெல்லிய கம்பிகள் இதயத்துக்குள் போகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் இதயத்தின் மின்சாரத்தைக் கேட்கும் உலோக வளையங்கள்.

இனி நடப்பதுதான் நோயாளிகளுக்கு மிகவும் வியப்பளிக்கும் பகுதி. மருத்துவர்கள் வேண்டுமென்றே அந்தப் படபடப்பை வரவழைப்பார்கள். கம்பி வழியாகச் சிறு மின்தூண்டல்களைக் கொடுத்து, தேவைப்பட்டால் ஒரு மருந்தும் ஏற்றி, கோளாறு எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று திரையில் பார்ப்பார்கள். திடீரென்று நாடி 180-க்குத் தாவும். படுத்திருக்கும் பெண்மணி, “இதுதான் டாக்டர், இதேதான்” என்பார். பல ஆண்டுகளாக யாரும் நம்பாத ஒன்று, அறையில் உள்ள எல்லோர் கண் முன்னாலும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சிலர் அழுதுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பயத்தில் வந்த அழுகை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பிறகு இடத்தைத் தேடுவார்கள். சில மில்லிமீட்டர் நுனி கொண்ட இன்னொரு கம்பியைக் கோளாறு உள்ள இடத்தில் வைத்து, ரேடியோ அதிர்வலையால் அந்தத் திசுவை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தத் துளி இடம் வடுவாகிவிடும். வடு மின்சாரத்தைக் கடத்தாது. கூடுதல் பாதை உள்ளவரின் இசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு சின்னச் சரிவு தெரியும். சரியான இடம் சிக்கினால், சில விநாடிகளிலேயே அந்தச் சரிவு மறைந்து, கோடு செங்குத்தாக நிமிரும். அரை மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் படபடப்பை வரவழைக்க முயல்வார்கள். வராவிட்டால் வேலை முடிந்தது. கால் மடக்காமல் சில மணி நேரம் படுத்திருந்துவிட்டு, பெரும்பாலோர் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். தழும்பு தெரியாது, கம்பி எதுவும் உள்ளே தங்காது.

ஏவி கணுவை ஒட்டிய கோளாறுக்கு வெற்றி விகிதம் 95 சதவீதத்துக்கும் மேல். சிலருக்கு மட்டுமே திரும்ப வரும். வந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம். ஆபத்து இல்லவே இல்லையா என்றால், உண்டு. கணுவுக்கு வெகு அருகில் சூடு வைப்பதால், நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கு இயல்பான பாதையே பழுதாகி, பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரலாம். தொடையில் ரத்தம் கட்டலாம். மிக அரிதாக இதயத்தைச் சுற்றி ரத்தம் சேரலாம். இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் தாளில் பொடி எழுத்தில் அச்சிடுவது போதாது. நோயாளிக்குப் புரியும் தமிழில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

மாத்திரை போதாதா?

போதுமானவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடம் வந்து போகும் படபடப்புக்கு எதுவுமே செய்யாமல் விடலாம். அடிக்கடி வருபவர்களுக்கு மாத்திரை எண்ணிக்கையைக் குறைக்கும். கூடுதல் பாதையை அகற்றாது. இருபது வயதில் தொடங்கினால் அறுபது வரை விழுங்க வேண்டும். மெட்டோபுரோலால் போன்றவற்றை ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தயக்கத்தோடுதான் தர முடியும். அதனால்தான் மீண்டும் மீண்டும் வரும் எஸ்விடிக்கு அப்லேஷனையே முதல் தெரிவுகளில் ஒன்றாக அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கின்றன.

தொழிலையும் பார்க்க வேண்டும். பேருந்து ஓட்டுபவர், மின்கம்பம் ஏறுபவர், ஆழ்கடலுக்குப் போகிறவர் ஆகியோருக்கு ஒரு நிமிடம் கண் இருட்டினால் போதும். அவர்களிடம் ‘தாங்கிக்கொள்’ என்று சொல்வது நியாயமில்லை.

இளம்பெண்கள் விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ‘கல்யாணமாகாத பெண்ணுக்கு இதயத்தில் சிகிச்சை’ என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் அமையாது என்று, பெற்றவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். படபடப்பு வரும் பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் அது கூடலாம். அந்த நேரத்தில் பல மருந்துகளைத் தயக்கத்தோடுதான் கொடுக்க முடியும். எக்ஸ்ரே கதிரைப் பயன்படுத்தும் சிகிச்சையைக் கூடியவரை தவிர்ப்பார்கள். திருமணத்துக்கு முன்போ, குழந்தைக்குத் திட்டமிடும் முன்போ செய்துகொண்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. மறைக்க வேண்டிய நோய் இது கிடையாது. முடிந்துபோன நோயாக ஆக்கிவிடக்கூடியது.

எல்லாப் படபடப்பும் ஒன்றல்ல

எஸ்விடி பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. இதைச் சொல்லாவிட்டால் அச்சத்தை விற்றதாக ஆகிவிடும். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. கூடுதல் பாதை உள்ளவருக்கு மேலறைகள் தாறுமாறாக நடுங்கத் தொடங்கினால், அந்த நடுக்கம் முழுவதும் கட்டுப்பாடின்றிக் கீழறைக்கு இறங்கிவிடலாம். அது அரிது, நடந்தால் மரணம் வரை போகும். அந்தச் சமயத்தில் வழக்கமாகத் தரும் வெரபமில், டிகாக்சின் போன்ற மருந்துகள் நிலைமையை மோசமாக்கும். நோயின் வகை தெரிந்த பிறகே மருந்து என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஏற்கெனவே மாரடைப்பு வந்து, இதயத் தசையில் தழும்பு உள்ளவருக்குக் கீழறையிலிருந்து வரும் படபடப்பு வேறு ரகம். அது அவசர நிலை. அங்கே அப்லேஷன் ஒரு துணைதான்; உயிர் காக்கும் மின்னதிர்ச்சிக் கருவியை நெஞ்சில் பொருத்துவது குறித்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

மேலறை நடுக்கம் எனப்படும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இன்னொரு ரகம். வயதானவர்களிடம் அதிகம். இதில் நாடி வேகமாக மட்டும் இருக்காது, ஒழுங்கும் இருக்காது. மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். 1998-ல் பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷெல் ஐசகேர் குழுவினர், இந்த நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாய்ப்பகுதியிலிருந்து கிளம்புகின்றன என்று காட்டினார்கள். அந்த வாய்களைச் சுற்றி வடு வளையம் போடுவதே இன்று இதற்கான அப்லேஷன். எஸ்விடி போல இதில் ஒரே முறையில் தீர்வு கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். திரும்ப வருவது சகஜம். சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படும். அப்லேஷன் முடிந்துவிட்டதே என்று ரத்த உறைதடுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. பக்கவாத அபாயம் உள்ளவர்கள் தொடர வேண்டும்.

நம் அரசு மருத்துவமனைகளில் மேலறை நடுக்கத்தோடு வருபவர்களில் கணிசமானோர், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள். அவர்களுக்கு முதலில் கவனிக்க வேண்டியது வால்வு. அப்லேஷன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் கடன் வாங்கக் கூடாது. அண்மையில் வந்திருக்கும் ‘பல்ஸ்டு ஃபீல்டு’ முறைக்கும் இது பொருந்தும். சூட்டுக்குப் பதில் மிகக் குறுகிய மின்துடிப்புகளால் திசுவை அழிக்கும் இந்த முறையில், அருகிலுள்ள உணவுக்குழாய்க்குச் சேதம் குறைவு, நேரமும் குறைவு. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது பெரும்பாலும் மேலறை நடுக்கத்துக்கானது. சாதாரண எஸ்விடிக்குப் பழைய முறையே செம்மையாக வேலை செய்கிறது.

அரிதாகப் பேசப்படும் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் நிற்காமல் வேகமாக ஓடும் இதயம் களைத்து, விரிந்து, பம்ப் செய்யும் திறனை இழக்கும். ‘இதயம் வீங்கிவிட்டது, திறன் 25 சதவீதம்தான்’ என்ற அறிக்கையோடு வருபவர்களில் சிலருக்கு, வேகத் துடிப்பே மூலகாரணமாக இருக்கும். அதை அடக்கினால் சில மாதங்களில் இதயம் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பும். மாற்று இதயம் தேவை என்று எழுதும் முன், இசிஜியை இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டிய நோயாளிகள் இவர்கள்.

வந்தால் உடனே என்ன செய்வது?

மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறெதையும் முயல வேண்டாம். எஸ்விடி என்று ஏற்கெனவே உறுதியாகி, மருத்துவர் அனுமதித்தவர்கள் மட்டும் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் வாயில் உதட்டை வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, பக்கத்தில் இருப்பவர் இரண்டு கால்களையும் 45 டிகிரிக்கு உயர்த்தி 15 விநாடி பிடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதத்தினருக்குப் படபடப்பு நின்றது. இப்படிக் காலை உயர்த்தியவர்களில் 43 சதவீதத்தினருக்கு. காசு செலவில்லாத இந்த உத்தி எல்லாச் செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதில் நிற்காவிட்டால் மருத்துவமனையில் அடினோசின். இந்த மருந்து ரத்தத்தில் சில விநாடிகள்தான் உயிரோடு இருக்கும். முழங்கை மடிப்பில் உள்ள பெரிய சிரையில் ஒரே தள்ளாகத் தள்ளி, அடுத்த கணமே சலைனால் கழுவி அனுப்பி, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மெதுவாகப் போட்டால் இதயத்தை எட்டும் முன்பே செத்துவிடும். சரியாகப் போட்டால் திரையில் கோடு ஓரிரு விநாடிகள் படுத்துவிடும். பிறகு இயல்பான துடிப்பு வரும். அந்தக் கணத்தில் நோயாளிக்கு உயிரே போவது போலிருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் பாதியாகும். சொல்லாமல் போட்டதால், அந்த ஊசி என்றாலே மருத்துவமனைப் பக்கம் வர மறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும் 12 இணைப்புகள் கொண்ட முழு இசிஜி ஒன்று எடுத்துவிட வேண்டும். ஊசி போட்டுப் படபடப்பை நிறுத்திவிட்டு, ஆதாரம் இல்லாமல் அனுப்புவதுதான் மிகப் பரவலான தவறு. படபடப்பின்போது எடுத்த அந்த ஒரு தாள், பிறகு எடுக்கப்போகும் பத்து எக்கோவைவிடப் பயனுள்ளது. அதைப் பார்த்தே கோளாறின் வகையை அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் ஊகித்துவிடுவார். ஒரு சின்ன எச்சரிக்கை: இசிஜி அச்சாகும் தாள் வெப்பத்தில் எழுத்துப் பதியும் வகை. பீரோவுக்குள் வைத்திருந்தாலும் நாளடைவில் வெளுத்துவிடும். கையில் கிடைத்தவுடன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஜெராக்ஸ் ஒன்றும் எடுத்துவிடுங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் நாடி எண்ணிக்கை ஒரு தொடக்கம்தான். நாடி 180 என்று அது காட்டிய நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். இசிஜி பதியும் வசதியுள்ள கடிகாரம் என்றால் அந்தப் பதிவைச் சேமியுங்கள். அடிக்கடி வருபவர்களுக்கு ஹோல்டர் கருவியை உடலில் கட்டி 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யலாம். மாதத்துக்கு ஒரு முறை வருபவர்களுக்கு அது பெரும்பாலும் எதையும் பிடிக்காது.

அரசிடம் கேட்க வேண்டியவை

மாரடைப்புக்காகத் தமிழ்நாடு கட்டியிருக்கும் சங்கிலி பாராட்டுக்குரியது. சிறிய மருத்துவமனையில் இசிஜி எடுத்து, பெரிய மையத்தின் நிபுணருக்கு அனுப்பி, அங்கிருந்து வழிகாட்டும் முறை இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. ஓராண்டில் இறப்பவர்களின் விகிதம் குறைந்ததை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதல் மருந்துகள் அங்கேயே தரப்படுகின்றன. இதே சங்கிலியில் படபடப்பையும் சேர்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் படபடப்போடு யார் வந்தாலும், சீட்டு எழுதும் வரிசையில் நிற்க வைக்காமல் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை ஓர் ஆணை பிறப்பிக்கலாம். நகல் ஒன்றை நோயாளி கையில் கொடுப்பது கட்டாயமாக இருக்க வேண்டும். 108 ஊழியர்களுக்கும் செவிலியர்களுக்கும் சிரிஞ்ச் ஊதி, காலை உயர்த்தும் முறையை ஒரு மதிய நேரத்தில் கற்றுத்தந்துவிடலாம். வட்டார அளவிலான மருத்துவமனைகளில் அடினோசின் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

அடுத்த கட்டம்தான் கடினம். அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கேத் லேப் வந்துவிட்டது. ஆனால் இதய மின்னியல் சோதனைக்கான கருவியும், அதைக் கையாளும் தேர்ச்சி பெற்ற மருத்துவரும், தொழில்நுட்பரும் ஒருசேர இருக்கும் இடங்கள் பெருநகரங்களைத் தாண்டினால் அரிது. ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ இருப்பவர் இதற்காகப் பல முறை பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கூலி போகிறது. மதுரை, திருநெல்வேலி, கோவை, சேலம், திருச்சி ஆகிய ஊர்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளை மண்டல மையங்களாக வளர்த்து, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களை அப்லேஷனுக்கு ஒதுக்க வேண்டும். இதய மருத்துவம் படித்து முடித்தவர்களை வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற, இத்துறையில் பழுத்த இடங்களுக்கு அரசுச் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்பலாம். திரும்பி வந்து குறிப்பிட்ட ஆண்டுகள் அரசுப் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானதே.

தனியார் மருத்துவமனையில் சாதாரண அப்லேஷனுக்கே லட்சக்கணக்கில் செலவாகும். முப்பரிமாண வரைபடக் கருவி சேர்ந்தால் தொகை இன்னும் பெருகும். இறக்குமதியாகும் கம்பிகளின் விலை இதில் பெரும் பங்கு. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசு விலை உச்சவரம்பு விதித்தபோது சாமானியக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். அப்லேஷன் கம்பிகளின் விலையையும் அதே கண்ணோடு ஆராய வேண்டிய நேரம் இது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ஆயுஷ்மான் பாரத் ஆகியவற்றில் இந்தச் சிகிச்சைக்கு ஒதுக்கும் தொகை, உண்மையான செலவை ஒட்டி இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். தொகை குறைவாக இருந்தால் மருத்துவமனைகள் நோயாளியைத் தட்டிக்கழிக்கும், அல்லது மிச்சத்தைக் கையிலிருந்து கேட்கும். குடும்பத்தினரும் சேரும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் எழுத்துபூர்வமான ஒப்புதல் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அப்லேஷன் செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, ஆண்டில் எத்தனை பேருக்குச் செய்தது, எத்தனை பேருக்குக் குணமானது, எத்தனை பேருக்கு பேஸ்மேக்கர் வைக்க நேர்ந்தது என்பதை வெளியிட வேண்டும். கை பழகியவரிடம் இந்தச் சிகிச்சை பாதுகாப்பானது. யாருக்குக் கை பழகியிருக்கிறது என்று அறிய நோயாளிக்கு இன்று வழி ஏதும் இல்லை. அதுவரை மருத்துவரிடமே நேரடியாகக் கேளுங்கள்: “என் மாதிரி கேஸ் நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க சார்?” நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பள்ளிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களின் திடீர் மரணங்களை நாடு முழுவதும் 47 மருத்துவமனைகளின் வழியாக ஆராய்ந்து 2023-ல் அறிக்கை தந்தார்கள். கொரோனா தடுப்பூசி அதற்குக் காரணமில்லை என்று கண்டறிந்த அதே ஆய்வு, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நிகழ்ந்திருப்பதை ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சொன்னது. ஓடும்போது மயங்கி விழுந்த மாணவனுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்பினால் போதாது. அன்றே ஓர் இசிஜி எடுக்க வேண்டும். ‘உங்கள் குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா’ என்று பெற்றோரிடம் கேட்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் இந்த இரண்டையும் வரும் கல்வியாண்டிலேயே சேர்த்துவிடலாம். மாணவர்களின் உடல்நல அட்டையில் ‘மயங்கி விழுந்ததுண்டா, படபடப்பு வருவதுண்டா’ என்று இரண்டு கேள்விகளை அச்சிட்டு, ‘ஆம்’ என்று பதில் வந்த பிள்ளைகளை அந்த வாரமே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பும் பொறுப்பைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம்.